கரும்பலகைக்கு அருகே ஒரு கணினி – 9: பாதிக் காசும் உள்ளூர்ச் சரக்கும்

“பாதிப் பணம் நான் போடுகிறேன். மீதிக்கு நீயே வழி பார்த்துக்கொள். ஆனால் நான் கைகாட்டும் கடையில்தான் வாங்க வேண்டும்.”

தங்கை மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்துத்தரும் தாய்மாமன் பேச்சுப்போல இருக்கிறது. 1981 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு தன் நாட்டு உயர்நிலைப் பள்ளிகளிடம் பேசிய பேச்சின் சாரம் ஏறக்குறைய இதுதான். பிரதமர் மார்கரெட் தாட்சர் அறிவித்த அந்தத் திட்டத்தின்படி, 1982 முடிவதற்குள் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு கணினியாவது இருக்க வேண்டும். விலையில் பாதியை அரசு ஏற்கும். கைகாட்டப்பட்ட கடைகள் இரண்டு. ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில், மற்றது கேம்பிரிட்ஜில்.

அமெரிக்காவின் ஆப்பிளும் கமடோர் பெட்டும் அதற்கு முன்பே சில பள்ளிகளுக்குள் வந்துவிட்டன. ஆசிரியர்கள் அவற்றில் பழகியும் இருந்தார்கள். ஆனாலும் மாமாவின் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை; சரக்கு பிரிட்டனில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள, பணம் எந்தப் பையிலிருந்து வந்தது என்று பார்த்தால் போதும். அது கல்வித் துறையின் பணம் அல்ல, தொழில் துறையின் பணம். தகவல் தொழில்நுட்பத்துக்கென்று புதிதாக அமைச்சரான கென்னத் பேக்கர் இருந்ததும் தொழில் துறையில்தான். பிள்ளைகள் கணினி கற்க வேண்டும் என்பது உண்மையான அக்கறைதான். அந்தச் சாக்கில் உள்ளூர்க் கம்பெனிகளுக்கு நிச்சயமான ஒரு சந்தை அமையட்டும் என்ற கணக்கும் அதே அளவுக்கு உண்மை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பள்ளிகளுக்கு உள்ளூர் நிறுவனங்கள் எப்படி முட்டுக்கொடுத்தன என்பதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எழுத எழுத, யார் யாருக்கு முட்டுக்கொடுத்தார்கள் என்ற கேள்வியே மாறிக்கொண்டு வந்தது.

சென்ற வாரம் ஐ.சி.எல். நிறுவனம் பள்ளிகளுக்காக உருவாக்கிய ‘செசில்’ மொழியைப் பார்த்தோம். மொத்தம் 14 கட்டளைகள். நிரலை எழுதி அட்டையில் குறித்து, பெருங்கணினி இருக்கும் கல்லூரிக்கோ வட்டார அலுவலகத்துக்கோ தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்த காலம் அது. பதில் வர ஒரு வாரம் ஆகலாம். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் இன்னொரு வாரம். அப்படிக் காத்திருந்த பிள்ளைகளின் வகுப்பறைக்கே கணினி வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும்?

முதலில் வந்து உட்கார்ந்தது ஆக்ஸ்ஃபோர்டுக் கணினி. மைக் ஃபிஷர், மைக் ஓ’ரீகன் என்ற இருவர் 1973-ல் தொடங்கிய நிறுவனம் ரிசர்ச் மெஷின்ஸ். மின்னணு உதிரிப் பாகங்களைத் தபால்வழி விற்றுக் கையூன்றிய இவர்கள், 1977-ல் ‘380இசட்’ என்ற கணினியைக் கொண்டுவந்தார்கள். கனத்த கறுப்பு உலோகப் பெட்டி. ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய கருவி வழி தவறி வகுப்புக்குள் வந்துவிட்டதைப் போன்ற தோற்றம். அழகுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் முப்பது பிள்ளைகளின் கைபட்டும் தாங்கியது. வீட்டு வாடிக்கையாளர்களைத் தேடி இவர்கள் அலையவில்லை. பள்ளிகளுக்குப் பொருள் வாங்கித்தரும் வட்டாரக் கல்வி நிர்வாகங்களையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு நிர்வாகத்தின் நம்பிக்கையைப் பெற்றால் அந்த மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்தும் பின்னால் வரும். விலை அதிகம், வட்டு இயக்கியும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக் கதையை இத்தோடு நிறுத்துகிறேன். ஒழுங்கான பிள்ளையைப் பற்றி எழுத அதிகம் கிடைப்பதில்லை.

கேம்பிரிட்ஜ் கதை வேறு ரகம்.

அங்கே மார்க்கெட் ஹில் சந்தைத் திடலை ஒட்டிய ஒரு சின்ன அலுவலகத்தில் ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ் இருந்தது. வியன்னாவிலிருந்து வந்து கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் ஆய்வு முடித்த ஹெர்மன் ஹவுசரும், கணினித் தயாரிப்பாளர் கிளைவ் சின்க்ளேரிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த கிறிஸ் கரியும் 1978 டிசம்பரில் தொடங்கியது. ‘ஏகார்ன்’ என்றால் ஓக் மரத்துக் கொட்டை. தொலைபேசிக் கையேட்டில் ஆப்பிளுக்கு முன்னால் வரும் என்பதும் பெயருக்கு ஒரு காரணம். வேலை செய்தவர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழக மாணவர்கள், ஆய்வாளர்கள். முதல் கணினியை வடிவமைத்த சோஃபி வில்சன் அப்போது மாணவி. ஸ்டீவ் ஃபர்பர் காற்றியக்கவியல் ஆய்வுக்காரர். கணினி அவருக்குப் பொழுதுபோக்கு.

அந்த நேரத்தில் பிபிசி தொலைக்காட்சி, மக்களுக்குக் கணினி கற்றுத்தரும் தொடர் ஒன்றைத் திட்டமிட்டது. நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள் தாங்களே விசை தட்டிப் பழக வேண்டும். அதற்குத் தொடரின் பெயரிலேயே ஒரு கணினி வேண்டும் என்று முடிவானது. முதலில் மனத்தில் இருந்தது நியூபெரி லேபரட்டரீஸின் ‘நியூபிரெய்ன்’. அதுவும் அரசுப் பணம் புழங்கிய நிறுவனம்தான். ஆனால் குறித்த காலத்தில் அதைத் தயாரித்துத் தர முடியாது என்று தெரிந்ததும் பிபிசி மற்றக் கம்பெனிகளின் கதவைத் தட்டியது. இதில் ஒரு வேடிக்கை: நியூபிரெய்ன் முளைவிட்டது சின்க்ளேரின் பழைய நிறுவனத்தில். அவர் அங்கிருந்து விலகியபின் அது கைமாறி நியூபெரிக்குப் போயிருந்தது. அது தவறவிட்ட வாய்ப்பு, சின்க்ளேரிடமிருந்து விலகிப்போன கரியின் மடியில் விழப்போகிறது.

வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறோம் என்று பிபிசிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். காட்டுவதற்கு ஏகார்னிடம் இருந்தது காகிதத்தில் வரைந்த யோசனை மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஹவுசர் தொலைபேசியை எடுத்தார். வில்சனிடம், “ஒரு வாரத்தில் செய்துவிடலாம் என்று ஃபர்பர் சொல்கிறார்” என்றார். ஃபர்பரிடம், “வில்சன் முடியும் என்கிறார்” என்றார். இரண்டும் பொய். இருவருமே பின்னாளில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். திங்களன்று தொடங்கிய வேலை இரவு பகலாக ஓடி, வியாழன் இரவு முன்மாதிரிப் பலகையில் கம்பிகளெல்லாம் சுற்றி முடிந்தன. இயக்கினால் அசையவில்லை. வெள்ளி விடிந்துகொண்டிருந்தது. முன்மாதிரியையும் அதைச் சோதிக்கும் கருவியையும் இணைத்திருந்த கம்பியை எடுத்துவிட்டுப் பாருங்களேன் என்றார் ஹவுசர். அதில் அதிகம் கை வைக்காத மனிதரின் யோசனை. எடுத்தார்கள். ஓடியது. பிபிசிக்காரர்கள் வந்தபோது மேஜைமேல் உயிருள்ள ஒரு கணினி இருந்தது.

இந்தக் கதையைக் கேம்பிரிட்ஜ்க்காரர்கள் தலபுராணம்போலச் சொல்லுவார்கள். எனக்கு இதில் அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்குப் பிறகு நடந்த பேரம். பிபிசியின் பொறியாளர்களும் கல்வி நிகழ்ச்சிக்காரர்களும் நீண்ட பட்டியல் வைத்திருந்தார்கள். அச்சுப்பொறி இணைய வேண்டும். வெப்பமானி, ஒளியுணரி போன்ற ஆய்வுக்கூடக் கருவிகள் இணைய வேண்டும். வண்ணத்திரை இணைய வேண்டும். நிரல் எழுத நல்ல ‘பேசிக்’ மொழி வேண்டும். பெட்டியைத் தலைகீழாகப் புரட்டினால் அடியில் வரிசையாக இணைப்புவாய்கள். பின்பக்கம் இன்னொரு வரிசை. வீட்டில் விளையாட வாங்கும் கணினிக்கு இத்தனை எதற்கு? அறிவியல் ஆசிரியருக்கு வேண்டும். மெழுகு குளிரும்போது வெப்பம் இறங்குவதை வரைபடமாகத் திரையில் காட்ட அவருக்கு அந்த இணைப்புவாய் வேண்டும்.

வில்சன் எழுதிய பிபிசி பேசிக்கும் அப்படித்தான். அன்றைய பேசிக் நிரல்கள் ‘அங்கே போ, இங்கே போ’ என்று தாவித்தாவி நூல்கண்டுபோலச் சிக்கிக்கிடக்கும். வில்சனின் மொழியில் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி அழைக்கலாம். நல்ல பழக்கத்தை முதலிலேயே ஊட்டிவிடலாம் என்று கணினி ஆசிரியர்கள் விரும்பியதற்கு அது இசைந்தது.

1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோ வெளிவந்தது. 16 கிலோபைட் நினைவகம் கொண்ட ‘ஏ’ வகை 235 பவுண்டு, 32 கிலோபைட் கொண்ட ‘பி’ வகை 335 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். கொஞ்ச நாளிலேயே 299, 399 என்று ஏற்றினார்கள். பெட்டியின்மேல் புள்ளிகளால் ஆன ஆந்தைச் சின்னம், சிவப்பில் பத்துச் சிறப்பு விசைகள். 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. கணினி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஃபெராண்டி நிறுவனத்திடமிருந்து வந்த தனிவகைச் சில்லுகள் தொல்லை தந்தன, மின்வழங்கிகள் சூடேறின. பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மொத்தம் 12,000 விற்றால் போதும் என்பது பிபிசியின் ஆரம்பக் கணக்கு. கடைசியில் விற்றது 15 லட்சத்துக்கு மேல். கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாப் பள்ளிகளும் வரிசையில் வந்து நிற்கும் என்று அவர்கள் கண்டார்களா?

நின்றன. 380இசட்டோடு ஒப்பிட்டால் இது மலிவு. அதிலும் பாதியை அரசு தருகிறது. 1982-ல் தொடக்கப்பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தபோது பட்டியலில் சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரமும் ஆக்ஸ்ஃபோர்டின் புதிய 480இசட்டும் சேர்ந்தன. தொடக்கப்பள்ளிகளிலும் பெரும்பாலும் வென்றது ஆந்தைதான். முதல் திட்டத்தில் இடம் கிடைக்காத சின்க்ளேர், தன் இசட்எக்ஸ்81-ஐப் பள்ளிகளுக்குப் பாதி விலையில் தருவதாக அப்போதே தனிக்கடை விரித்திருந்தார். அரசின் கைகாட்டல் இல்லாமல் எத்தனை தூரம் போக முடியும்?

பள்ளிக்கு வந்த கணினி எங்கே வைக்கப்பட்டது? பெரும்பாலும் தள்ளுவண்டியில். பள்ளிக்கு ஒன்றுதானே! திங்கள் ஒரு வகுப்பு, செவ்வாய் இன்னொரு வகுப்பு என்று தொலைக்காட்சிப் பெட்டியோடு சேர்த்து உருட்டிக்கொண்டு போனார்கள். ஒலிநாடாவிலிருந்து நிரல் ஏறுவதற்குள் பாடவேளையில் பாதி போய்விடும். ஏறி முடியும் தறுவாயில் பிழைச் செய்தி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. வட்டு இயக்கி இருந்தால் இந்தத் தொல்லையில்லை. ஆனால் அதன் விலைக்கு இன்னொரு கணினியே வாங்கிவிடலாம்.

இங்கேதான் ஏகார்ன் செய்த, இன்று அதிகம் பேசப்படாத ஒரு காரியம் வருகிறது. ‘ஈகோநெட்’. பல கணினிகளை மலிவான கம்பியால் கோத்து, ஒரே வட்டு இயக்கியையும் ஒரே அச்சுப்பொறியையும் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. அலுவலக வலையமைப்புகள் பெருநிறுவனங்களுக்கே எட்டும் விலையில் இருந்த நாளில், ஒரு பள்ளி தன் கணினி அறையில் இதை நிறுவ முடிந்தது. ஆசிரியர் தன் இடத்திலிருந்தே எந்த மாணவரின் திரையையும் எட்டிப்பார்க்க ஒரு கட்டளை. மாணவரின் கணினியைத் தானே இயக்க ஒரு கட்டளை. திரையில் செய்தி அனுப்ப இன்னொன்று. ஆசிரியருக்கென்று செய்த இந்த வசதிகளைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து நண்பனின் திரையில் பேய் பேசவைத்தார்கள். அதைத் தடுக்கவும் ஒரு கட்டளை உண்டு என்று சிலர் கண்டுபிடித்தார்கள். அதை மீற வழி தேடினார்கள் இன்னும் சிலர். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடத்தில்தான் பலர் வலையமைப்பு என்றால் என்னவென்று கற்றார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எந்தக் கணினி என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் வட்டாரக் கல்வி நிர்வாகம். ஒரு மாவட்டம் முழுக்க ஆக்ஸ்ஃபோர்டு, அடுத்த மாவட்டம் முழுக்க கேம்பிரிட்ஜ் என்று ஆனது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் ஓடாது. வேறு மாவட்டத்துக்கு மாறிப்போன ஆசிரியர் தன் நிரல்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். உள்ளூர்ப் போட்டி நல்லது என்று சொல்பவர்கள் அந்த ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த அத்தியாயம் முழுமையடையாது. பள்ளி மென்பொருளில் கணிசமான பகுதியை எழுதியவர்கள் அவர்கள்தான். கல்விக்கான நுண்மின்னணுத் திட்டம் என்று அரசு 1980-ல் தொடங்கிய அமைப்பு, நியூகாசிலிலிருந்து ரிச்சர்ட் ஃபாதர்கில் தலைமையில் இயங்கியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது, தொடக்கப்பள்ளிகளுக்கு ஒலிநாடாவும் கையேடும் கொண்ட தொகுப்புகளை அனுப்பியது. இன்னொரு பக்கம் சின்னச் சின்ன மென்பொருள் கடைகள் முளைத்தன. டெவன் பகுதியின் ‘ஃபோர்மேஷன்’ அவற்றில் ஒன்று. மைக் மேட்சன் எழுதி 1983-ல் அது வெளியிட்ட ‘கிரானீஸ் கார்டன்’ விளையாட்டில், காணாமல் போன ஆறு அரச குழந்தைகளைச் சூனியக்காரியிடமிருந்து மீட்க வேண்டும். ஒரே கணினியைச் சுற்றி வகுப்பே உட்கார்ந்து, எந்தப் பக்கம் போவது என்று சண்டைபோட்டு முடிவெடுக்கும். பற்றாக்குறையே பாடமுறையாகிவிட்டது. திரையில் சூனியக்காரி தோன்றியதும் அலறிய பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது நெருங்குகிறது; அந்தப் பச்சை முகம் அவர்களில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை.

1983 செப்டம்பரில் ஏகார்ன் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 13.5 கோடிப் பவுண்டு. ஐந்து வருடத்தில் சந்தைத் திடல் அலுவலகத்திலிருந்து அங்கே. தலை சுற்றாமல் இருக்குமா? வீடுகளுக்கென்று ‘எலெக்ட்ரான்’ என்ற மலிவுக் கணினியை அறிவித்தார்கள். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஆட்கள் பணத்தோடு நின்றார்கள், சரக்கு இல்லை. அடுத்த ஆண்டு சரக்கு மலையாகக் குவிந்தது, ஆட்கள் இல்லை. அந்த 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் கேம்பிரிட்ஜின் ‘பேரன் ஆஃப் பீஃப்’ மதுக்கடையில் சின்க்ளேர் கரிமேல் பாய்ந்தார். சின்க்ளேர் கணினிகள் அடிக்கடி பழுதாகின்றன என்று குத்திக்காட்டும் விளம்பரத்தை ஏகார்ன் வெளியிட்டிருந்தது. சுருட்டிய செய்தித்தாளால் அடி விழுந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டு பேருடைய நிறுவனமும் ஆட்டம் கண்டிருந்த வேளையில் இது.

1985 பிப்ரவரியில் இத்தாலியின் ஒலிவெட்டி ஏகார்னின் சுமார் 49 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. சில மாதங்களில் பெரும்பான்மையும் கைமாறியது. அரசு ஊட்டி வளர்த்த உள்ளூர்ச் சரக்கு வெளியூர்க்காரர் கைக்குப் போய்விட்டது. வீட்டுச் சந்தை சரிந்த அந்த நாட்களில் ஏகார்னிடம் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தவை பள்ளிகள். முட்டுக்கொடுத்தது யார் என்று தொடக்கத்தில் கேட்டேனே, அந்தக் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில் இருக்கிறது. பள்ளிகள் இல்லாவிட்டால் 1985 ஏப்ரல் 26 அன்று, வில்சனும் ஃபர்பரும் வடிவமைத்த ஒரு புதிய சில்லைச் சோதித்துப் பார்க்க ஏகார்ன் என்றொரு நிறுவனம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். அந்தச் சில்லு முதலில் ஓடியது ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைக்கப்பட்டு. பெயர் ‘ஆர்ம்’. இதைப் படிக்கும் உங்கள் கைப்பேசிக்குள் இருப்பது அதன் வம்சம். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வைத்திருக்கிறேன்.

பள்ளிகள் கொடுத்தது காசு மட்டுமல்ல. 1086-ல் இங்கிலாந்து முழுவதையும் கணக்கெடுத்து எழுதிய ‘டூம்ஸ்டே’ ஏட்டின் 900-ம் ஆண்டை ஒட்டி, பிபிசி ஒரு புதிய கணக்கெடுப்பை நடத்தியது. நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கட்டத்துப் பள்ளிகளிடம் ஒப்படைத்தார்கள். எங்கள் ஊரில் என்ன கடை இருக்கிறது, மாலையில் என்ன செய்வோம், ரொட்டி என்ன விலை என்று பிள்ளைகள் பிபிசி மைக்ரோவில் தட்டி அனுப்பினார்கள். பங்கேற்றவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 1986-ல் எல்லாம் இரண்டு லேசர் வட்டுகளில் வெளிவந்தன. ஓட்டிப் பார்க்கத் தேவையான கருவித் தொகுப்பின் விலை 5,000 பவுண்டை ஒட்டி. எழுதித்தந்த பள்ளிகளில் மிகப் பலவற்றால் தாங்கள் எழுதியதைப் பார்க்கவே முடியவில்லை.

இதற்கிடையில் ஆந்தை கடல் தாண்டியது. 1984-85-ல் நம் மத்திய கல்வி அமைச்சகமும் மின்னணுவியல் துறையும் சேர்ந்து ‘கிளாஸ்’ என்ற முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கின. நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினி. தேர்வானது பிபிசி மைக்ரோ. ஏகார்னிடம் உரிமம் பெற்று அதை இங்கேயே தயாரிக்கும் பொறுப்பு, மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸுக்கு வந்தது. அவர்கள் வைத்த பெயர் ‘யூனிகார்ன்’. கேம்பிரிட்ஜில் உள்ளூர்ச் சரக்காக இருந்தது இங்கே வந்திறங்கியபோது என்னவாக இருந்தது, அதைத் தொட்டுப்பார்த்த நம் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)